அவர்கள் ஊர் ஊர்வலமும் நம் தெருக் கொடிக்கம்பமும்

முதல் தடவை கூப்பிட்டால் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத என் மாமாவுக்கு,

இந்தத் தடவையாவது காதைக் கொடுங்கள். சொல்ல வேண்டியது நிறைய சேர்ந்துவிட்டது. உங்கள் பட்டாளத்து நண்பர்கள் போடும் ஆண்டு மலருக்காக, "அண்ணனைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடுங்க அண்ணி" என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத எதை நான் எழுதிவிடப் போகிறேன்? அவருக்கே எழுதிவிடுகிறேன், நீங்களும் கூட நின்று படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

படிக்கிறவர்கள் குழம்பக் கூடாது. மாமா என்றால் என் அம்மாவின் தம்பி, எனக்குத் தாலி கட்டியவர். ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து, வந்த பிறகும் வீட்டுக்குள் பரேடு நடத்தியவர். செருப்பைக்கூட வரிசையாகத்தான் விட வேண்டும். இப்போது என் செருப்பு ஒன்று மட்டும் கோணலாகக் கிடக்கிறது, கேட்க ஆளில்லை.

நான் நார்வே போய்விட்டு வந்தேன், மாமா. ஆமாம், நானேதான். செங்கம் தாண்டினாலே பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவள், விமானத்தில் மூன்று இடத்தில் மாறிப் போய் இறங்கினேன். மகளையும் பேத்தியையும் பார்க்கப் போகிறேன் என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனேன். உண்மையில் எதற்குப் போனேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உண்ணாமலை உங்களிடம் போனில் கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, நான் இந்த ஊர்க் குடியுரிமை வாங்கிக்கட்டுமா? வாங்கினா நம்ம பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுத்துடணும்ப்பா. ரெண்டையும் வெச்சிக்க நம்ம கவர்மென்ட்டு விடாது." நீங்கள் "அப்புறம் பேசலாம்மா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் மோட்டார் போடப் போய்விட்டீர்கள். அடுத்த வாரமே நெஞ்சு வலி. அந்த அப்புறம் வரவே இல்லை.

அது மறுப்பா, இல்லை யோசிக்க நேரம் கேட்டீர்களா? நானும் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். உங்கள் மகள் மறுப்பு என்றே எடுத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு இஷ்டம் இல்லன்னு தெரிஞ்சிப்போச்சி இல்ல, வுடும்மா" என்று அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டாள். பட்டாளத்துக்காரன் மகள், கொடியை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று அவளே அவளைத் திட்டிக்கொள்வாள் போல.

ஆனால் ஒருநாள் வாய் தவறிச் சொன்னாள். அவள் வயதானவர்கள் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள் அல்லவா, பார்லிமென்ட் தேர்தல் அன்றைக்கு ஒரு அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓட்டுப் போடத் தள்ளிக்கொண்டு போனாளாம். "அந்தம்மாவுக்கு என் பேரு கூட மறந்துபோச்சும்மா. ஆனா உள்ள போயி ஓட்டுப் போட்டுச்சி. நான் வெளிய நின்னேன். இந்த ஊர்ல எல்லாரையும் குளிப்பாட்டி சோறு ஊட்றேன், ஆனா வெளியவே நிக்கிறேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. போய்ச் சேர்ந்த அன்றைக்கே என் மடியில் தலை வைத்துக் கேட்டுவிட்டாள்: "நீ சொல்லும்மா. அப்பா இன்னா சொல்லியிருப்பாரு?"

நாற்பது வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள்தான். ஆனாலும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

நான் போன சமயம் அவர்களுக்கு மே பதினேழு வந்தது. நமக்கு ஜனவரி இருபத்தாறு மாதிரி, அவர்களுக்குச் சட்டம் எழுதின நாள். முந்தின நாள் சாயங்காலம் உண்ணாமலை, "நாளைக்கு ஊர்வலம் நம்ம வாசல் வழியா வரும்மா" என்று சொல்லிவிட்டுச் சேலைக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள். நம் ஊர்க்காரியிடம் ஊர்வலம் வாசல் வழியாக வரும் என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்?

விடியற்காலையிலேயே எழுந்துவிட்டேன். அந்த ஊரில் விடியற்காலை என்பதே கிடையாது, எப்போது பார்த்தாலும் வெளிச்சம். வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, அரிசி மாவில் பெரிய கோலமாகப் போட்டேன். தட்டில் வெற்றிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு இலை, பழம், குங்குமம். தேங்காய் அங்கே இலங்கைக்காரர் கடையில் வாங்கியது. கற்பூரம் நான் பெட்டியில் கொண்டுபோனது. மாட வீதியில் சாமி வரும்போது அவரவர் வாசலில் தட்டோடு நிற்பதில்லையா, அப்படி எல்லாம் தயார் செய்து கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகக் காப்பி போட்டேன்.

காலையில் முதலில் உண்ணாமலை எங்களைக் கூட்டிக்கொண்டு போனது தேவாலயத்துப் பக்கம் இருக்கும் ஒரு கல்லுக்கு. அந்தச் சின்ன ஊரிலிருந்து சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் மலர் வளையம் வைத்தார். ஒரு பெயரும் எனக்குப் படிக்க வரவில்லை. ஆனால் நீங்கள் மலைமேல் பனியில் காவல் நின்ற வருஷங்களில், தந்திக்காரர் சைக்கிள் மணி கேட்டாலே அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேனே, அந்தப் பயம் அங்கே நின்ற எல்லாப் பெண்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு ஊர் மொத்தமும் திருவிழாவாக மாறிவிட்டது, மாமா. ஆணும் பெண்ணும் அவரவர் பாட்டன் ஊர் உடுப்பில் வந்தார்கள். தடியான கம்பளிப் பாவாடை, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளி. ஒருத்தி உடுப்பைப் பார்த்தே அவள் எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுகிறார்கள். நம் மகள் வீட்டுக்கு வந்து ஆரணிப் பட்டு கட்டி, உள்ளே ஸ்வெட்டர் போட்டு, அவர்கள் கொடி நிறத்தில் ஒரு ரிப்பனை நெஞ்சில் குத்திக்கொண்டாள். குத்தும்போது என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி பூ வைத்துவிட்டேன்.

உங்களுக்கு நிச்சயம் ஏமாற்றமாக இருந்திருக்கும். டாங்கி எங்கே, பட்டாளம் எங்கே என்று நானும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒன்றையும் காணோம். முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பேண்டு, ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு கொடி. லெஃப்ட் ரைட் கிடையாது. ஒரு பொடியன் ஷூ கயிறு கட்ட நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான், அவன் கட்டி முடிக்கிற வரைக்கும் பின்னால் வந்த வரிசை மொத்தமும் நின்றது. நீங்கள் இருந்திருந்தால் விசிலை எடுத்து ஊதியிருப்பீர்கள்.

ஊர்வலம் நம் வாசலை நெருங்கியதும் நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்று கற்பூரத்தை ஏற்றினேன்.

"அம்மா! இன்னா பண்ற? இது சாமி ஊர்வலம் இல்லம்மா!" உண்ணாமலை அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாசலுக்கு வர்ற ஊர்வலத்துக்கு ஒண்ணும் காட்டாம சும்மா அனுப்பறதா? நீ தள்ளு."

முன்னால் வந்த டீச்சரம்மா தீயைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். கொட்டு நின்றது. பின்வரிசைக்கு விஷயம் தெரியாமல் அவர்கள் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். தெருவே என்னைப் பார்த்தது. இனி திரும்பிப் போவதும் அழகில்லை என்று நான் நிதானமாகப் பிள்ளைகளுக்கு மூன்று சுற்று சுற்றினேன். என்ன நடக்குமோ என்று எனக்கே பயம்தான். அப்போது வரிசையிலிருந்து நம் பேத்தி இனியா வெளியே வந்தாள். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளையும் அப்படியே செய்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியில் அந்த வகுப்பு மொத்தமும் வரிசையில் வந்து ஒற்றிக்கொண்டது, டீச்சரம்மா உட்பட.

தேங்காயை ரோட்டோரக் கல்லில் அடித்தேன். ஒரே அடி, சரிபாதியாக உடைந்தது. பிள்ளைகள் எல்லாம் "ஹூர்ரா" என்று ஒரு கத்து கத்தினார்கள் பாருங்கள்! உண்ணாமலை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். விரல் இடுக்கில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு. நம் ஊரில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஒரு மிட்டாய் கொடுப்பார்கள். அங்கே ஐந்து நிமிஷம் பேசிவிட்டு நாள் பூராவும் ஐஸ்கிரீம். பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் கொடுக்க வேண்டும், அன்றைக்கு எந்தத் தாயும் மாட்டேன் என்று சொல்லக் கூடாதாம். இது மட்டும் நம் கவர்மென்ட்டுக்குத் தெரிந்தால் நன்றாயிருக்கும்.

எல்லாரும் கிளம்புகிற நேரத்துக்குக் காற்று அடித்தது. ஒரு பெஞ்சுக்கு அடியில் யாரோ பிள்ளை விட்டுப்போன காகிதக் கொடி ஒன்று மண்ணில் கிடந்தது. நான் யோசிக்கவே இல்லை, மாமா. கை தானாகப் போய்விட்டது. எடுத்து, முந்தானையில் மண்ணைத் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்து சாயங்காலமும் நீங்கள் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெருத்தெருவாகப் போய், கீழே கிடக்கிற கொடிகளைப் பொறுக்கி வருவீர்களே. கூட வந்து வந்து எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

உண்ணாமலை பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அது அவங்க கொடி" என்றாள்.

"யார் கொடியா இருந்தா இன்னாடி? கொடி கீழ கெடக்கலாமா?"

அவள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதபடியே கேட்டாள்: "அப்பாவா இருந்தா, இதைக் குனிஞ்சி எடுத்திருப்பாராம்மா?"

அந்தக் கேள்வியைத்தான் பெட்டியில் துணிகளோடு வைத்துக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

இப்போது நம் தெரு சமாச்சாரம். போன வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்கு நம் தெருமுனைக் கம்பம் மொட்டையாகவே நின்றது. நீங்கள் இரும்புக் குழாய் வாங்கி வந்து தண்ணீர் டேங்க் பக்கத்தில் நட்ட கம்பம்தான். நீங்கள் இல்லாமல் யாருக்கும் கை போகவில்லை. அன்றைக்குக் காலையில் நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். இந்த வருஷம் நார்வேயிலிருந்து வந்ததிலிருந்தே எனக்கு அது உறுத்தியது. அங்கே ஒரு பொடியன் கயிறு கட்டுவதற்காக ஊரே நிற்கிறது, இங்கே ஆள் இல்லை என்று கம்பம் சும்மா நிற்பதா? தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். "அப்ப நீங்களே ஏத்துங்க அண்ணி" என்றுவிட்டார்கள்.

உங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து கொடியை எடுத்து அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டேன். பூக்கார அம்மாவிடம் சொல்லி ரோஜா இதழும் சாமந்தியும் வாங்கினேன். கயிறு புதுசு. எல்லாம் இருந்தது, கொடியை மடிக்கத்தான் தெரியவில்லை. இதழை உள்ளே வைத்துச் சுருட்டி, மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரே இழுப்பில் விரிகிற மாதிரி நீங்கள் கட்டுவீர்களே, அதை இத்தனை வருஷமாக நான் காப்பித் தட்டோடு நின்று பார்த்ததோடு சரி. முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். ஒரு தடவை கட்டு அவிழாமல் மேலேயே மாட்டிக்கொண்டது. இன்னொரு தடவை மேலே போகும் முன்பே பிரிந்து இதழெல்லாம் என் தலையில் கொட்டியது. "அண்ணிக்கே பூத்தூவி வரவேற்பு" என்று கிண்டல் வேறு.

பதினைந்தாம் தேதி காலையில் பிள்ளைகள் எல்லாம் சட்டையில் கொடி குத்திக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள். நான் கொடியை அவிழ்ப்பதும் சுருட்டுவதுமாக இருந்தேன். அந்த நேரத்தில்தான் தாமஸ் தன் பழைய சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருக்கிற நம் ஜெர்மனிக்காரர். வருஷம் தவறாமல் நம் தெருக் கொடியேற்றத்துக்கு வந்து, முடிந்ததும் நம் வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போவாரே. போன வருஷம் விசாவுக்காக அவர் ஊருக்குப் போயிருந்ததால் உங்கள் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை என்று முதலில் கொஞ்சம் அழுதார். பிறகு என் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"அக்கா, நான் கட்றேன்" என்றார்.

செருப்பைக் கழற்றினார். குழாயைத் திறந்து கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டார். கொடியைத் தரையில் படாமல் இரண்டு பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்லி, பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, இதழை நடுவில் வைத்துச் சுருட்டினார். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கண்ணி விட்டு உள்ளே செருகினார். கடைசியில் முடிச்சை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

மாமா, அந்த இரண்டு தட்டு உங்களுடையது! உலகத்தில் வேறு யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள். அது முடிச்சுக்குத் தேவையே இல்லை, உங்கள் பழக்கம், அவ்வளவுதான். அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார் அந்த மனுஷன்.

நான் கயிற்றை இழுத்தேன். கட்டு மேலே போய் நின்றது. ஒரு சுண்டு சுண்டினேன், விரிந்தது. ரோஜாவும் சாமந்தியுமாக எங்கள் எல்லார் தலையிலும் விழுந்தது. பின்னால் மலை. பிள்ளைகள் பாடினார்கள். தாமஸ் என் பக்கத்தில் அட்டென்ஷனில் நின்றார், உங்களை மாதிரியே மோவாயைத் தூக்கிக்கொண்டு.

கேசரி சாப்பிடும்போது கேட்டேன், "இதை எப்ப உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாரு?"

"நான் இங்க வந்த மொத வருஷம், அக்கா. சார் கட்றதைப் பாத்துக்கினு இருந்தேன். 'வா, புடி'ன்னாரு. நான் பயந்துட்டேன். 'சார், நான் வெளிநாட்டுக்காரன், இதைத் தொடலாமா?'ன்னு கேட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"'கையக் கழுவிக்கினு வா, போதும்'னு சொன்னாரு."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. நானும் உங்கள் மகளும் நார்வே வரைக்கும் தேடின பதிலை நீங்கள் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே நம் தெரு டேங்க் அடியில் நின்று சொல்லிவிட்டீர்கள். அதையும் என்னிடம் சொல்லாமல், ஒரு ஜெர்மனிக்காரரிடம்! நீங்கள் எப்போதும் இப்படித்தான். உங்கள் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. தாமஸ் பாவம், கேசரியில் சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டதோ என்று பயந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே உண்ணாமலைக்குப் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் எழுந்திருந்தாள்.

"அப்பா சொல்லிட்டாருடி" என்றேன்.

"இன்னாம்மா சொல்ற?"

நடந்ததை அப்படியே சொன்னேன். தாமஸையும் பேசச் சொன்னேன், அவர் வாயால் அவள் கேட்க வேண்டும் என்று. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நான் நர்ஸும்மா. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி கை கழுவறேன்னு அப்பாவுக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம். எதுவாக இருந்தாலும் எனக்குப் போதும் என்று இருந்தது.

மனு கொடுத்துவிட்டாள், மாமா. எனக்கு வலிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். அவள் முதல் பாஸ்போர்ட் வாங்கிய அன்றைக்கு நீங்கள் அதை உண்ணாமலை அம்மன் சந்நிதியில் வைத்து எடுத்து வந்தீர்கள். அது இனி ஒரு முத்திரை குத்தி மூடின புத்தகம். ஆனால் அவள் இனிமேல் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலோடு நிற்க மாட்டாள், உள்ளே போவாள். அதை நினைத்தால் மனசு நிறைகிறது. அவர்கள் ஊருக்கு நல்ல கையாகத்தான் கொடுத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் பதினைந்து சாயங்காலம் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். தாமஸும் வந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனோம். இந்த வருஷம் கீழே கிடந்தது கம்மிதான், மாமா. பிள்ளைகள் பத்திரமாகச் சட்டையிலேயே வைத்திருந்தார்கள்.

அவள் உறுதிமொழி எடுக்கிற நாளைக்கு நான் மறுபடி போவேன். ஆரணிப் பட்டு கட்டிக்கொண்டு, தட்டும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு, அவள் எவ்வளவு அலறினாலும் வாசலில் நின்று என் மகளுக்குச் சுற்றுவேன். உங்கள் சார்பிலும் ஒரு சுற்று. அங்கே அந்தக் கொடி கீழே கிடந்தால் குனிந்து எடுப்பேன். அடுத்த ஆகஸ்ட்டில் நம் கம்பத்து முடிச்சை நானே போடுவேன், தாமஸிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன். கடைசியில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அது உங்கள் காதில் விழும், அப்போதாவது திரும்பிப் பாருங்கள்.

உங்கள் அக்கா மகள், உங்கள் வீட்டுக்காரி,
உங்கள் உண்ணாமலையின் அம்மா,
பச்சையம்மா